சிவப்பைத் தொடாத முள்

3 செப்டம்பர் 2024, செவ்வாய்

மாவு அரைத்தாயிற்று, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியாயிற்று, பத்து மணிக்குள் ஒரு ரெக்கார்டின் இரண்டு பக்கத்தையும் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தாயிற்று. அறுபத்து நான்கு வயதில் ஒரு காலைப்பொழுதுக்கு இது போதும்.

மகள் ஷைனி பெங்களூரிலிருந்து பேசினாள். அவள் அலுவலகத்தில் யாரோ புதிதாக டர்ன்டேபிள் வாங்கி, தன் அப்பா வைத்திருந்த இசைத்தட்டுகளைப் பதிகிறாராம். பதிவதெல்லாம் இரைகிறதாம். "நீங்க எப்படி லெவல் வைக்கிறீங்கன்னு எழுதி அனுப்புங்கம்மா" என்றாள். வானொலி நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் ஒலிப்பதிவு மேஜையில் உட்கார்ந்தவளைக் கேட்டால் எழுதத்தானே வேண்டும். இங்கே எழுதிப் பார்த்து, பிறகு அனுப்புகிறேன்.

முதல் வேலை தட்டைக் கழுவுவது. இரண்டாவது, தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது. உரத்துப் பாடுகிற இடத்தில் கோடுகள் அகன்று மினுமினுப்பு வேறு மாதிரி இருக்கும். ஊசியை அங்கே வைத்துத்தான் லெவல் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். தொடக்கம் எப்போதும் அடக்கமாகத்தான் இருக்கும், பெண் பார்க்க வந்தவர்களைப் போல. அந்த உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் ஆறில் நிற்கும்படி வைத்துவிட்டால் கவலையில்லை. பூஜ்யத்தைத் தொட்டால் சிவப்பு. சிவப்பைத் தாண்டினால் ஒலியின் உச்சி வெட்டுப்படும். கிளிப்பிங் என்பார்கள். வெட்டுப்பட்ட உச்சியைத் திரும்ப ஒட்ட வைக்க யாராலும் ஆகாது.

கம்ப்யூட்டர் மீட்டரில் இருப்பது முள் அல்ல, பச்சைப் பட்டை. நான் முள் என்றுதான் சொல்வேன். இதுவரை ஒரு ரெக்கார்டில்கூட என் முள் சிவப்பைத் தொட்டதில்லை.

பிறகு அந்த டப்பா. ஊசியிலிருந்து வருவது எறும்பளவு ஒலி. அதைப் பெரிதாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். பழையது செத்துப்போய், ஜூலையில் ஷைனி புதிது அனுப்பினாள். இதில் ஒரு குமிழ் இருக்கிறது. நான் அதை முக்கால்வாசிக்கு மேல் திருகி வைத்திருக்கிறேன். மூலத்திலேயே தாராளமாக வாங்கிக்கொள், அப்புறம் வேண்டிய அளவுக்குக் குறைத்துக்கொள் என்பது டேப் காலத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது. குறைவாக வாங்கினால் டேப்பின் இரைச்சல் மேலே வந்துவிடும். ஆகவே டப்பாவில் மேலே, கம்ப்யூட்டரில் கீழே.

எழுதியதைப் படித்தேன். தெளிவாகவே இருக்கிறது.

என் வீட்டுக்காரர் தனராஜ் கொசு வலை வேண்டும் என்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறு வேலை இல்லை. எனக்கு ஒரு கொசுவின் சத்தமும் கேட்கவில்லை. இந்த வருடம் பாளையங்கோட்டையில் கொசு குறைவு.

5 செப்டம்பர், வியாழன்

சற்குணம் அக்கா வந்தார். மூன்று தெரு தள்ளி இருக்கிறார், எங்கள் சபைதான். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாள். தலையணை உறைக்குள் ஒரு ரெக்கார்டைப் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எமரால்டு, இத மொதல்ல நீ ஒரு ஆளு கேட்டாப் போதும். கமிட்டிக்காரங்க கையில நேரா குடுக்க மனசில்ல" என்றார்.

விஷயம் இதுதான். 1978இல் எங்கள் சபைப் பாடகர் குழு மெட்ராஸுக்குப் போய் ஒரே ஒரு ரெக்கார்டு பாடியிருக்கிறது. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும் முன்பு. ஈஸ்டர் கீதம் ஒன்றில் சற்குணம் அக்காதான் தனிக்குரல். வயது இருபத்து இரண்டு. கடைசி வரியில் எல்லாரும் கீழே பாட, அவர் மட்டும் மேலே போய் ஒரு உயர்ந்த ஸ்வரத்தைப் பிடித்து நிற்க வேண்டும். நின்றிருக்கிறார். பாடி முடித்து வெளியே வந்ததும் குழுத்தலைவர் வேதமாணிக்கம் சார், "சற்குணம், கடைசில உன் குரலு உடஞ்சிட்டு" என்றாராம். நேரம் முடிந்துவிட்டதால் இன்னொரு முறை பாட முடியவில்லை. அடுத்த வருடத்திலிருந்து தனிக்குரல் எல்லாம் பக்கத்தில் நின்ற பியூலாவுக்குப் போய்விட்டது. சற்குணம் அக்கா நாற்பத்தாறு வருடமாக இரண்டாம் வரிசையில் நிற்கிறார்.

"நீங்க ரெக்கார்டக் கேட்டீங்களாக்கா?"

"எங்க கேக்க? எங்க வீட்ல பிளேயர் கெடையாது. அப்புறம் டூட்டி, அம்மாக்கு சீக்கு. அதுக்கப்புறம் கேக்கதுக்கு பயமாயிட்டு."

"உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே, உடஞ்சுதா இல்லையான்னு."

"உடையலன்னுதான் ஞாபகம். ஆனா ஒரே ஞாபகத்த இத்தன வருஷம் வச்சிட்டிருந்தா அது ஞாபகமா ஆசையான்னு எப்படிச் சொல்ல முடியும்?"

வருகிற 29ஆம் தேதி பாடகர் குழுவுக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா. அந்தக் கீதத்தை ஒலிபெருக்கியில் போட வேண்டும் என்று கமிட்டி தேடியதில், மிஞ்சியிருப்பது அக்காவிடம் உள்ள ஒரு தட்டுதான் என்று தெரிந்திருக்கிறது.

"உடையலன்னா ஊரே கேக்கட்டும். உடஞ்சிருந்தா நான் குடுக்கதா இல்ல. நீ உள்ளதச் சொல்லு, போதும்."

"என் மீட்டர் பொய் சொல்லாதுக்கா" என்றேன்.

6 செப்டம்பர், வெள்ளி

தட்டைக் கழுவிக் காய வைத்தேன். கீறல் இல்லை. யாரும் போட்டுக் கேட்காத தட்டு வேறு எப்படி இருக்கும். கேஸ் சிலிண்டர் வந்தது.

7 செப்டம்பர், சனி

பிள்ளையார் சதுர்த்தி. பக்கத்துத் தெருவில் மைக் செட் கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் கம்பி அதிர்கிறது. இந்த அதிர்வில் ஊசியை வைப்பது புத்திசாலித்தனம் இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்தேன்.

9 செப்டம்பர், திங்கள்

முதல் முறை பாதியில் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. கரண்ட் போய், யூ.பி.எஸ்.ஸும் ஓய்ந்துபோனது. ஒரு எச்சரிக்கை கொடுக்க வேண்டாமா? என் வீட்டுக்காரரிடம் குறைப்பட்டேன்.

"அது அஞ்சு நிமிஷமா கீ கீன்னு கத்திட்டுலா கெடந்துது" என்றார்.

"ஹெட்போன் மாட்டியிருந்தா எப்படிக் கேக்கும்?"

"ஹெட்போன் மேஜை மேல இருந்துது."

இந்தப் பேச்சை மேலே வளர்க்கவில்லை.

கரண்ட் வந்ததும் மறுபடி ஆரம்பித்தேன். உரத்த இடம் கடைசி வரிதான், கோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. அங்கே ஊசி வைத்து மைனஸ் ஆறு புள்ளி இரண்டில் நிறுத்தினேன். முள் அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட ஏறவில்லை. எவ்வளவு நிதானமான பதிவு என்று மெட்ராஸ்காரர்களை மனதுக்குள் பாராட்டினேன். முதலிலிருந்து ஓடவிட்டேன். நல்ல குரல். சற்குணம் அக்காவிடம் இப்படி ஒரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. கடைசி ஸ்வரம் கொஞ்சம் தடித்துக் கேட்கிறது, அவ்வளவுதான்.

வாசல் பக்கமிருந்து இவர் எட்டிப் பார்த்தார். "என்ன எமரால்டு, கடைசில கரகரங்கு?"

"ரெக்கார்டு பழசு."

"பழசுன்னா முழுக்கலா கரகரங்கணும்?"

செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி அனுப்பினேன்.

10 செப்டம்பர், செவ்வாய்

சற்குணம் அக்கா நாலு மணிக்கு வந்தார். ஹெட்போன் மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். தன் குரல் வருகிற இடத்தில் சிரித்தார். இருபத்து இரண்டு வயதுப் பெண் பாடுவதை அறுபத்தெட்டு வயதுப் பெண் கேட்கும் சிரிப்பு அது, பார்க்க எனக்கே நன்றாக இருந்தது. கடைசி வரியில் அவர் முகம் சுருங்கியது. மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் சுருங்கியது.

"கிழியுது" என்றார். "எமரால்டு, இது என் தொண்டையா, உன் மெஷினா?"

மீட்டரைக் காட்டினேன். உச்சம் மைனஸ் ஆறு புள்ளி இரண்டு. சிவப்புக்கு ஆறு படி கீழே. "மெஷின்ல ஒரு குத்தமும் இல்லக்கா. தட்டுலயும் கீறல் இல்ல. பாடுனதுலதான் இருக்கணும்" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "அப்பம் வேதமாணிக்கம் சார் சொன்னது சரிதான். பாவம், அந்த மனுஷன எத்தன வருஷம் மனசுக்குள்ள ஏசியிருக்கேன்" என்றார். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ரெக்கார்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"நீயே வச்சுக்கோ. கமிட்டில நான் சொல்லிக்கிடுதேன், தட்டு வீணாப் போச்சுன்னு."

உள்ளதைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். மனம் நோகும் என்று அளவை மாற்றிச் சொல்ல முடியுமா? முப்பத்து நான்கு வருடம் அப்படி வேலை பார்க்கவில்லை.

ரசத்தில் புளி அதிகமாகிவிட்டது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

11 செப்டம்பர், புதன்

அலமாரி துடைத்தேன். வேறொன்றும் ஓடவில்லை.

13 செப்டம்பர், வெள்ளி

உபவாச ஜெபத்துக்குச் சற்குணம் அக்கா வரவில்லை. அவர் வராமல் நான் பார்த்ததே இல்லை. முடிந்து செருப்பு மாட்டும்போது பியூலா அக்கா பக்கத்தில் வந்தார். பியூலா அக்காதான் இப்போது குழுவின் முதல் பாடகி. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் என்றால் நாற்பது வருடத்துக்கு மேலாக அவர் குரல்தான்.

"அந்த ரெக்கார்டு உங்கிட்டதான் வந்துருக்காமே. கேட்டியா?"

கேட்டேன் என்றேன்.

"எல்லாரு குரலும் தனித்தனியாத் தெரியுதா?"

ஓரளவு தெரியுது என்றேன். தட்டு வீணாப்போனதாகச் சற்குணம் சொன்னாளே, நிஜமா என்றார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள், அந்த ஈஸ்டர் கீதம் கேட்கும்படி இருக்கிறதா என்று கேட்டார். மேலும் ஒரு தடவை அதையே கேட்டார். பாட்டில் அவ்வளவு ஆர்வம்.

14 செப்டம்பர், சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

காலை சாப்பாட்டுக்குப் பிறகு இவர் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "அந்தக் கரகரப்பு மண்டைக்குள்ளயே நிக்கு. அந்த எடத்தப் பெருசாக்கிக் காட்டு" என்றார். ஒலியின் அலை வடிவம் திரையில் மலை மலையாக வரும். கடைசி வரியைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அரை அடியில் முகத்தை வைத்துப் பார்த்தார்.

"எமரால்டு, இந்த உச்சியெல்லாம் எவ்வளவுன்னு வாசி."

வாசித்தேன். ஆறு புள்ளி இரண்டு. ஆறு புள்ளி இரண்டு. ஆறு புள்ளி இரண்டு. இருபது வரை வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

"ஒரு கிளாஸ்ல அம்பது பேரு ஒரே மார்க் வாங்குனா என்ன அர்த்தம்?" என்றார்.

"காப்பி அடிச்சிருக்காங்கன்னு."

"இல்லன்னா திருத்துனவன் அதுக்கு மேல போடமாட்டேன்னு முடிவு பண்ணிட்டான்னு. மனுஷங்க பாடுனா ஒன்னு கூடும், ஒன்னு கொறயும். இது என்ன, அருவாள வச்சு சீவுன மாதிரி?"

பார்த்தேன். ஒவ்வொரு மலையின் உச்சியும் தட்டையாக இருந்தது. எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. புரிந்ததை வாயால் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

வெட்டு கம்ப்யூட்டரில் விழவில்லை. அதற்கு முன்னால், அந்த டப்பாவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. தாராளமாக வாங்கு, பிறகு குறைத்துக்கொள் என்று நான் குமிழை மேலே வைத்தேன். டப்பாவின் கொள்ளளவு நிறைந்து, உச்சி அங்கேயே சீவப்பட்டது. சீவப்பட்டதை நான் கம்ப்யூட்டரில் அளவைக் குறைக்கும் ஸ்லைடரால் குள்ளமாக்கி மைனஸ் ஆறில் கொண்டுபோய் நிறுத்தினேன். மீட்டருக்கு உயரம்தான் தெரியும். தலை இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. டேப்புக்கு நல்லதாக இருந்த பாடம் இந்த டப்பாவுக்குக் கேடாகிவிட்டது. நேற்றுப் படித்த ஒருவர் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார். என்னைப் போல் முப்பத்து நான்கு வருடம் படித்தவள்தான் செய்வாள்.

நான் சற்குணம் அக்காவிடம் சொன்ன வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. மெஷின்ல ஒரு குத்தமும் இல்லக்கா.

15 செப்டம்பர், ஞாயிறு

ஆராதனை. சற்குணம் அக்கா இடம் காலி. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

16 செப்டம்பர், திங்கள்

டப்பாவின் குமிழைக் கால்வாசிக்கு இறக்கி, ஸ்லைடரை ஏற்றி, மறுபடி பதிந்தேன். இப்போது உச்சிகள் ஒன்பது, ஏழரை, ஆறு, எட்டு என்று மனிதர்கள் பாடினது போல இருக்கின்றன. எல்லாம் முறையாக முடிந்தது.

பிறகு பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஏழு தடவை கேட்டேன். புதியது கொஞ்சம் மென்மை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடிகிறது. இவரைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல், ஒலிபெருக்கியில் கலைத்துப் போட்டேன். அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே "இது கரகரப்பு, இது நல்லது, இது நல்லது, இது கரகரப்பு" என்று பத்துக்குப் பத்து சொன்னார். மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

எழுதிவிடுகிறேன். எனக்குக் காது குறைந்துவிட்டது. மெல்லிய, கூர்மையான சத்தம் எதுவும் எட்டுவதில்லை. யூ.பி.எஸ். கத்தியிருக்கிறது. வீட்டில் கொசு இருக்கிறது.

"உங்களுக்கு எப்பம் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒன்றரை வருஷமாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒத்துக்கிடவா போற? கொசுவே இல்லைன்னு சாதிக்கிற ஆளு" என்றார். குரலில் கேலி இருந்தது. ஆனால் வெங்காயத்தை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவள் காதுக்கு ஏன் இவ்வளவு வெட்கப்பட்டேன் என்று தெரியவில்லை. அந்தக் காதை வைத்துத்தான் இத்தனை வருடம் என்னை நான் ஒரு ஆளாக மதித்தேன், அதனால் இருக்கலாம்.

எழுந்து போகும்போது இவர் ஒன்று சொன்னார். "நல்ல பதிவுலயும் அந்தக் கடைசி எடத்துல ஏதோ ஒன்னு தடுக்குது. கரகரப்பு இல்ல, வேற. எனக்குச் சங்கீதம் தெரியாது."

அது சற்குணம் அக்காவின் குரலா என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்றார். எனக்கும் தெரியாது. இனிமேல் என் காதை வைத்து அதைத் தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன்.

17 செப்டம்பர், செவ்வாய்

சற்குணம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல்படி ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்ததால், அவர் கதவைத் திறந்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, தப்பு என் மேல. குமிழ நான்தான் கூட்டி வச்சேன். கிழிஞ்சது உங்க தொண்டை இல்ல, என் டப்பா."

உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. "ஒரு வாரம்" என்றார். "ஒரு வாரமா நான் வாய் தெறந்து ஒரு பாட்டு முணுமுணுக்கல, தெரியுமா? வேதமாணிக்கம் சார் கல்லறைக்கு வேற போய் நின்னுட்டு வந்தேன், மன்னிச்சிருங்க சார்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு நிமிடம் நிற்க வைத்தார். வேண்டியதுதான். பிறகு கேட்டார்.

"அப்பம் உடையலதான?"

"தெரியலக்கா."

"என்னது, தெரியலயா? நீ கேக்கலயா?"

"கேட்டேன். எனக்குக் காது சரியில்லக்கா. கரகரப்பே எனக்குக் கேக்கல, அதான் இவ்வளவும். மீட்டரப் பாத்து உங்களுக்குத் தீர்ப்புச் சொன்னேன். இப்பம் பதிஞ்சிருக்கது நல்ல பதிவு, அத மட்டும் உறுதியாச் சொல்லுவேன். அதுல இருக்கது என்னன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்."

வீட்டுக்காரரைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. சற்குணம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். நர்ஸ் பார்வை. "காதுல சீழ், வலி ஏதும் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "உள்ள வா" என்றார்.

19 செப்டம்பர், வியாழன்

மூன்று மணிக்கு வந்தார். இவர் நாசூக்காகக் காய்கறிக் கடைக்குப் போய்விட்டார். ஹெட்போனை அக்காவே எடுத்து மாட்டிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இப்போது அதுதான் மீட்டர்.

கடைசி வரி வந்தது. முகம் சுருங்கவில்லை. மெதுவாக வாய் திறந்தது, அவரும் சேர்ந்து பாடுவது போல. முடிந்ததும் கையை ஆட்டி மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக் கேட்டார். மூன்றாம் முறை தலையைச் சாய்த்து, ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு கேட்டார். பிறகு கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உடையல" என்றார். "நான் நேரா நிக்கேன். ஆடாம அசையாம நிக்கேன், எமரால்டு."

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதுவிட்டேன், இந்த வாரம் இரண்டாவது தடவை. கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கேட்டேன், அங்கே ஏதோ தடுக்கிறதாக இவர் சொன்னாரே என்று.

"தடுக்குது. அது நான் இல்ல. எனக்குக் கீழ ரெண்டாங்குரல். ஏறி வரும்போது சறுக்கிட்டு. ஒரு நொடிதான். நாங்க ரெண்டு பேரும் ஒரே மைக்ல நின்னோம். வேதமாணிக்கம் சார் கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்தாரு. யாரு குரல்னு அவருக்குப் பிரிச்சுத் தெரிஞ்சிருக்காது. தனிக்குரலு நான்தான, அப்பம் நான்னு நெனச்சுக்கிட்டாரு."

ஒரே மைக்கில் யார் நின்றது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"பியூலா. அவ குரல எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை பியூலா அக்கா என்னிடம் சுற்றிச் சுற்றிக் கேட்டதெல்லாம் இப்போது விளங்கியது. இந்தப் பதிவை 29ஆம் தேதி போட்டுவிடலாம், பாடத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும், நாற்பத்தாறு வருடத்துக்கு ஒரு பதில் கிடைக்கும் என்றேன். சற்குணம் அக்கா ஹெட்போனை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"அம்மா சீக்கா கெடந்தப்போ நான் டூட்டிக்குப் போனா, வந்து பக்கத்துல இருக்கது அவதான். நாலு வருஷம். கிறிஸ்துமஸ்க்கு அவ வீட்ல மொதப் பலகாரத் தட்டு எனக்குத்தான் வரும், அவ மாமியாருக்கு அப்புறந்தான். இவளுக்கு எம்மேல அப்படி என்ன பாசம்னு நெனச்சிருக்கேன். இப்பம் தெரியுது."

"தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்திருக்காங்களேக்கா."

"இருவது வயசுப் பிள்ள. சார் முன்னால நின்னு நான்தான்னு சொல்லிருப்பாளா? நானா இருந்தா சொல்லிருப்பேனா, தெரியல. அப்புறம் நாள் போகப் போக எந்த நாள்ல சொல்ல?"

டம்ளரை மேஜையில் வைத்தார். "எமரால்டு, அந்த மொதல்ல பதிஞ்சியே, கரகரப்பு, அது இருக்கா, அழிச்சிட்டியா?"

இருக்கிறது என்றேன்.

"விழாவுக்கு அத குடு. தட்டு சரியாயிட்டுன்னு கமிட்டில நான் சொல்லிக்கிடுதேன்."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "அக்கா, அதுல உங்க ஸ்வரமும்லா கிழியும்? ஊரு கேக்கட்டும்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் கேட்டாச்சு. அவ முன்வரிசைல உக்காந்துருப்பா. எல்லாருக்கும் நடுவுல வச்சு அவ அத கேக்க வேண்டாம். கரகரப்புல அவ சறுக்குனது மறஞ்சிரும். பழைய ரெக்கார்டு, கரகரங்குன்னு சனங்க நெனச்சுக்கிடுவாங்க. நல்லது எனக்கு ஒன்னு போட்டுக் குடு, நான் வச்சுக்கிடுதேன்."

அந்த ஒரு நொடியை மட்டும் அடக்கித் தருகிறேன், மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்குத் தெரியும் வித்தைகளை எல்லாம் சொன்னேன். "ஒன்னையும் திருத்தாத" என்றார். "திருத்துனா, திருத்துன எடத்த அவ கண்டுபிடிச்சிருவா. அவளும் பாடுறவதான."

உச்சி வெட்டுப்பட்ட ஒரு பதிவை, தெரிந்தே, என் பெயர் போட்டு, சபை முழுக்கக் கேட்கும்படி கொடுக்க வேண்டும். ஒலிப்பதிவு திருமதி எமரால்டு தனராஜ், வானொலியில் முப்பத்து நான்கு ஆண்டு அனுபவம் என்று செயலாளர் வாசிப்பார். சபையில் எப்போதும் அப்படித்தான் வாசிப்பார்.

சரி என்று சொன்னேன். மனப்பூர்வமாகச் சொல்லவில்லை.

20 செப்டம்பர், வெள்ளி

புது டப்பாவில் தெரிந்தவர்களுக்காகப் பதிந்தது அக்காவின் தட்டைச் சேர்த்து ஒன்பது ரெக்கார்டு. அடக்கமாகப் பாடியவை தப்பிவிட்டன. நாலு வீட்டுக்குப் போன் செய்து, தட்டைத் திரும்பக் கொடுங்கள், தவறாகப் பதிந்துவிட்டேன் என்றேன். மூன்று பேருக்கு வித்தியாசமே தெரிந்திருக்கவில்லை. நாலாவது ஆள், "நானே சொல்லணும்னு இருந்தேன், நீங்க கோவிப்பீங்கன்னு விட்டுட்டேன்" என்றார். நான் அவ்வளவு கோபக்காரியா என்று இவரிடம் கேட்டேன். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், படித்துக்கொண்டே இருந்தார்.

ஷைனிக்கு எழுதியதைத் திருத்தி அனுப்பினேன். டப்பாவின் குமிழை முதலில் இறக்கு. மீட்டரைப் பார், அலையின் வடிவத்தையும் பார். காது நன்றாக இருக்கும் இன்னொருவரைக் கேட்கச் சொல்.

24 செப்டம்பர், செவ்வாய்

காது டாக்டர். சற்குணம் அக்கா துணைக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வரைபடம் வலப்பக்கம் போகப் போகச் சரிகிறது. எனக்கு விளக்க வந்தார்கள். நானே அவர்களுக்கு விளக்கினேன். கருவி வைத்தால் பெரும்பாலும் சரியாகுமாம். கருவி எனக்குப் புதிதா என்ன. லெவலை மட்டும் யாரிடமும் விடாமல் நானே பக்கத்தில் இருந்து வைக்கச் சொல்வேன்.

29 செப்டம்பர், ஞாயிறு

விழா ஐந்து மணிக்கு. பந்தல், நாற்காலி, பெரிய ஒலிபெருக்கிகள். செயலாளர் என் பெயரை, அனுபவத்தை எல்லாம் முழுசாக வாசித்தார். கைதட்டினார்கள். எழுந்து வணங்கினேன்.

பாட்டு தொடங்கியது. நல்ல கூட்டம், நல்ல அமைதி. பியூலா அக்கா முன்வரிசையில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வரி நெருங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். கரகரப்பு வந்தது. அவ்வளவு பெரிய ஒலிபெருக்கியில் எனக்கே கேட்டது, அப்பட்டமாக. பின்வரிசையில் யாரோ காதைப் பொத்தினார்கள். ஒலிபெருக்கிக்காரர் பதறிப்போய்த் தன் மேஜையில் எதையோ இறக்கினார். பியூலா அக்கா கண்ணைத் திறந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் திரும்பி இரண்டாம் வரிசையைப் பார்த்தார். சற்குணம் அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார், பாட்டு நன்றாகத்தானே இருந்தது என்பது போல.

முடிந்து எல்லாரும் காபிக்கு எழுந்தோம். ஒலிபெருக்கிக்காரர் தேடிப் பிடித்து என்னிடம் வந்தார். முப்பது வயது இருக்கும். வேலை தெரிந்தவர், அவர் வயர் சுற்றியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

"மேடம், தப்பா நெனச்சுக்கிடாதீங்க. அந்தக் கடைசி எடத்துல கிளிப் ஆயிருக்கு. பதியும்போது லெவல் பாக்காம விட்டுட்டீங்க போல."

முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. அவருக்குப் பின்னால் சற்குணம் அக்காவும் பியூலா அக்காவும் காபி டம்ளரோடு நின்றார்கள். பியூலா அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி" என்றேன், மூவருக்கும் கேட்கும்படி. "தட்டுல ஒரு குத்தமும் இல்ல, பாடுனவங்க மேலயும் இல்ல. லெவல் நான்தான் பாக்காம விட்டுட்டேன்."